குள்ள நாற்றை நிமிர்த்தும் மூலக்கூறு: கல்லூரி ஆய்வகத்தில் ஸ்கிரீனிங் செய்ய முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி பக்கத்து மா விவசாயியிடம் பேக்லோபியூட்ரசால் என்றால் யோசிப்பார். கல்டார் என்று கடைப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். மரத்தடி மண்ணில் ஊற்றுவார்கள், கொழுந்து விடுவது அடங்கும், பூ பிடிக்கும். செடி தனக்குள் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் பாதையில் என்ட்-கௌரீன் ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. ஜிப்பரெல்லின் குறைந்ததும் தண்டு நீள்வது நிற்கிறது.

இதையே முளைக்கும் விதைக்குக் கொடுத்தால் நாற்று குட்டையாக நிற்கும். கூடவே ஜிப்பரெல்லிக் அமிலம் (ஜிஏ3) கொஞ்சம் சேர்த்தால் மறுபடி உயரும். தருமபுரியிலோ ஓசூரிலோ உள்ள சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அளவில், தாவர ஹார்மோனைத் தொடும் சிறு மூலக்கூறுகளைச் சலித்துத் தேட (இதுதான் ஸ்கிரீனிங்) இது போதும். ரோபோ வேண்டாம், ஒளிரும் ஜீன் செருகிய செடி வேண்டாம். ஒரு லேமினார் (கிருமியற்ற காற்று ஓடும் மேசை), ஒரு பிஓடி இன்குபேட்டர் (வெப்பநிலையை ஒரே அளவில் வைக்கும் பெட்டி), நல்ல பிப்பெட், ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் கேள்வியைச் சரி செய்யுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்பு, “எந்த வேதிப்பொருள் வேரின் நீளத்தைக் குறைக்கிறது?” என்பது. ஆக்சின் என்ற ஹார்மோன் அதிகமானால் வேர் குட்டையாகும் என்பது பாடத்தில் இருப்பதால் இது இயல்பாக வருகிறது. சிக்கல் என்னவென்றால், விஷமானது எதுவாக இருந்தாலும் வேர் குட்டையாகத்தான் ஆகும். செப்பு உப்பு குட்டையாக்கும், அமிலம் குட்டையாக்கும், இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சேர்மமும் குட்டையாக்கும். நூறு சேர்மம் போட்டு இருபதில் வேர் குட்டையானால், அந்த இருபதில் எது ஹார்மோன் வழியில் போனது என்று பிரிக்கவே மீதி ஆண்டு போய்விடும்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: பேக்லோபியூட்ரசால் குள்ளமாக்கிய நாற்றை எது மறுபடி வளர வைக்கிறது? விஷத்தால் செடியை வளர வைக்க முடியாது. ஆகவே இந்தத் தேர்வில் தேறி வருபவை கொஞ்சமாக இருக்கும், ஆனால் பின்னால் போய்ப் பார்க்கத் தகுந்தவையாக இருக்கும். ஒன்றுமே தேறாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதையும் ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

இந்தத் துறையின் பெரிய வெற்றிகளைப் பார்த்தாலும் கேள்வியின் கூர்மைதான் தெரியும். விதை முளைப்பதைத் தடுக்கும் பொருளாக அடையாளம் காணப்பட்ட பைரபாக்டின், அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் ஏற்பியான (ஹார்மோனை உணர்ந்து பிடிக்கும்) பிஒய்ஆர்1 புரதத்தை 2009-இல் கண்டுபிடிக்க வழிவிட்டது. எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு வேர் காட்டும் பதிலைக் குலைக்கும் பொருளைத் தேடிய குழுவுக்குக் கிடைத்தது எல்-கைனூரெனின். அது கடைசியில் எத்திலீன் பாதையில் வேலை செய்யவில்லை. ஆக்சின் தயாரிக்கும் நொதியைத் தடுப்பதாக 2011-இல் வெளியானது. சர்டினால் கதை இன்னும் வேடிக்கை. 2003-இல் ஆக்சின் பதிலைத் தூண்டும் புதுமாதிரிச் சேர்மமாக வந்தது. பிறகு பார்த்தால் செடியே அதை உடைத்து ஆக்சின் போன்ற அமிலமாக மாற்றிக்கொள்கிறது என்று தெரிந்தது. நாம் ஊற்றியதுதான் செடிக்குள் வேலை செய்கிறது என்று எந்தக் கட்டத்திலும் நம்பிவிடாதீர்கள்.

விதை

ஜிப்பரெல்லின் அளக்கும் சோதனைக்குப் பழக்கமான பயிர் நெல். குள்ள நெல் நாற்றின் இரண்டாம் இலை உறை எவ்வளவு நீள்கிறது என்பது பழைய, நம்பகமான அளவுகோல். இந்த ஹார்மோன் வெளிச்சத்துக்கு வந்ததும் நெல்லால்தான்: வயலில் அளவுக்கு மீறி நெட்டையாக ஓடிச் சாய்ந்த பயிருக்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று குரோசாவா 1926-இல் காட்டினார். அதன் ஏற்பியான ஜிஐடி1 கிடைத்ததும் 2005-இல் நெல்லில்தான்.

ஆனாலும் நான் கேழ்வரகைச் சிபாரிசு செய்வேன். விதை சிறிது. 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு ஐந்து விதை வைத்தாலும் ஒரு மில்லிலிட்டர் ஊடகம் போதும், சேர்மம் மிகக் குறைவாகச் செலவாகும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 போன்ற ஒரே ரகத்தை, ஒரே லாட்டில், ப்ராஜெக்ட் முழுவதற்கும் போதுமான அளவு வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சந்தையில் கிடைக்கும் கலப்பு ராகி வேண்டாம். நேர்த்தி செய்த விதையும் வேண்டாம். பூஞ்சணக் கொல்லிகளில் டிரையசோல் என்றொரு குடும்பம் உண்டு, பேக்லோபியூட்ரசாலும் அதே குடும்பம். டெபுகோனசோல் தடவிய விதையில் சோதனை செய்தால், நீங்கள் மருந்து போடுவதற்கு முன்பே யாரோ போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கிருமி நீக்க, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு ஒரு சொட்டு ட்வீன்-20 சேர்த்த 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலசல். ஈரத் தாளில் ஒரு நாள் முளைக்க விட்டு, வேர்முனை வெளியே வந்த விதைகளை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்தால் பாதிச் சிதறல் அங்கேயே குறைந்துவிடும். சலிப்பான வேலைதான்; ஆனால் புள்ளியியலால் பின்னால் சரிசெய்ய முடியாததை இந்தப் பொறுக்கல் சரிசெய்கிறது.

தண்ணீரும் வெயிலும்

நம்ம பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் இவை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃப்ளூரைடு பல நொதிகளைத் தடுக்கும். போர் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் தனி. ஆகவே ஊடகத்துக்கு மட்டுமல்ல, விதை ஊற வைக்க, அலச, பெட்டிக்குள் ஈரம் வைக்க எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீர்.

வெயில் இதைவிட நயமாக ஏமாற்றும். வெப்பநிலை 28, 29 டிகிரிக்கு ஏறினாலே நாற்றின் விதையிலைக் கீழ்த்தண்டு தானாக நீள்கிறது என்றும், அதற்கு ஆக்சின் காரணம் என்றும் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் 1998-இலேயே காட்டியிருக்கிறார்கள். அதாவது சூடான அறையே ஒரு ஹார்மோன் சிகிச்சை. சித்திரை, வைகாசியில் தருமபுரியில் ஏசி இல்லாத அறையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பிஓடி இன்குபேட்டரில் 25 டிகிரி வையுங்கள். கரண்ட் போனால் உள்ளே என்ன ஆனது என்று தெரிய, அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி ஒன்றை உள்ளேயே வைத்துத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் நடுவில் நீண்ட மின்தடை வந்தால் அந்தச் சுற்றைக் கழித்துவிடுவதே நல்லது.

வெளிச்சமும் அப்படித்தான். மங்கலான மூலையில் உள்ள நாற்று நீளும். எல்இடி பட்டையின் கீழ் தட்டுகளைத் தினமும் இடம் மாற்றி வையுங்கள்.

ஸ்டாக் கணக்கு

சேர்மங்கள் எல்லாவற்றையும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் ஸ்டாக்காக (அடர்த்தியான இருப்புக் கரைசலாக) கரையுங்கள். மூலக்கூறு எடை 300 என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். இதில் ஒரு மைக்ரோலிட்டரை ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். முதல் சுற்றுக்கு இந்த அளவே போதும். டிஎம்எஸ்ஓ ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அதுவே வளர்ச்சியைப் பாதிக்கும்.

பேக்லோபியூட்ரசால் (மூலக்கூறு எடை 293.8) ஸ்டாக்குக்கு மில்லிலிட்டருக்கு 2.94 மில்லிகிராம், ஜிஏ3-க்கு (346.4) 3.46 மில்லிகிராம். கடையில் விற்கும் கல்டார் பாட்டிலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் மருந்தோடு கரைய வைக்கும், ஒட்ட வைக்கும் பொருட்களும் இருக்கும். தூய மாதிரியை வாங்குங்கள். ஜிஏ3 ஆட்டோகிளேவில் கெட்டுவிடும், வடிகட்டி மூலம் கிருமி நீக்கிக் கடைசியில் சேர்க்கவும்.

டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறையும். மார்கழிக் காலையில் ஓசூர் ஆய்வகத்தில் அலமாரியில் இருந்த ஸ்டாக் கட்டியாகி நின்றால் பயப்பட வேண்டாம். ஆனால் முழுக்க உருகி, குலுக்கி, அடியில் துகள் இல்லை என்று பார்த்த பிறகே எடுங்கள். உறைந்து உருகி உறைந்து உருகினால் சேர்மம் வெளியே படியும். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைப்பது இதற்காகத்தான். அப்புறம் கையுறை: டிஎம்எஸ்ஓ தோல் வழியாக இறங்கும்போது கரைந்திருப்பதையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகும்.

சேர்மங்கள் எங்கிருந்து? 1,280 மருந்துப் பொருட்கள் அடங்கிய லோபாக் போன்ற தொகுப்புகள் விலைக்கு உண்டு, கல்லூரி பட்ஜெட்டுக்கு எட்டாது. பக்கத்து வேதியியல் துறையில் வருடா வருடம் தயாரித்துப் பாட்டிலில் தூங்கும் சேர்மங்கள் நல்ல ஆரம்பம். என்எம்ஆர் எடுத்து, உருகுநிலை பார்த்து, தூய்மை தெரிந்தவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் ஆகியவற்றின் சாற்றைப் போட்டுப் பார்க்கும் ஆசை நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும். சாறு என்பது நூற்றுக்கணக்கான பொருட்களின் கலவை. அதிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுக்கும் வசதி துறையில் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சேர்மம் போடும் முன் செய்ய வேண்டியது

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அதிகம், ஆனால் ஸ்கிரீனிங்கின் உயிர் இங்கேதான். பேக்லோபியூட்ரசாலை 0.1, 0.3, 1, 3, 10 மைக்ரோமோலாரில் போட்டு, உங்கள் ராகி, உங்கள் இன்குபேட்டரில் எப்படிக் குட்டையாகிறது என்று பாருங்கள். வேறொருவர் கட்டுரையில் உள்ள அளவைக் கடன் வாங்காதீர்கள். மருந்தில்லாத நாற்றின் உயரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு இறக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட அழுத்தினால் பலவீனமான நல்ல சேர்மம் மேலே தூக்க முடியாமல் தோற்றுவிடும். லேசாக விட்டால் குள்ளத்துக்கும் இயல்புக்கும் வித்தியாசம் தெரியாது.

பிறகு அந்த அளவின் மேல் ஜிஏ3 0.1, 1, 10 மைக்ரோமோலார். உயரம் நன்றாக மீளும் மிகக் குறைந்த அளவே உங்கள் நேர்க் கன்ட்ரோல், அதாவது மீண்டால் எப்படி இருக்கும் என்று காட்டும் ஒப்பீடு.

இப்போது ஒரு தட்டு முழுக்கக் குள்ள நாற்று, இன்னொரு தட்டு முழுக்க ஜிஏ3 சேர்த்தது என்று வைத்து, ஸ்கிரீனிங்கில் பலரும் பயன்படுத்தும் இசட்-பிரைம் எண்ணைக் கணக்கிடுங்கள். இரண்டு குழுவும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்று அது சொல்லும். இரண்டு குழுவின் திட்ட விலக்கங்களையும் கூட்டி மூன்றால் பெருக்கி, இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். குள்ளம் 16 மில்லிமீட்டர், மீண்டது 34 என்று வைத்துக்கொள்வோம். விலக்கம் இரண்டுக்கும் 1.5 என்றால் 3 × 3 = 9; 9-ஐ 18-ஆல் வகுத்தால் 0.5, விடை 0.5. அது அருமையான சோதனை. விலக்கம் 2 ஆனால் விடை 0.33-க்கு இறங்கும். நாற்றுச் சோதனையில் இதுவும் சமாளிக்கக்கூடியதே. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஒரு சேர்மத்தைக்கூடத் தொடாதீர்கள். விதை பொறுக்குவதிலும் வெளிச்சத்திலும் திரும்ப வேலை பாருங்கள்.

தட்டு

ஊடகம் வெறும் 0.6 சதவீத அகார், பிஎச் 5.7. சர்க்கரை வேண்டாம், உரக் கலவைகூட வேண்டாம். ஆறேழு நாளைக்கு ராகிக்குத் தன் விதைச் சோறு போதும். சர்க்கரை போட்டால் பூஞ்சைக்குத்தான் விருந்து.

24 குழியில் எனக்குப் பிடித்த பங்கீடு இது: இரண்டு குழி டிஎம்எஸ்ஓ மட்டும், மூன்று குழி பேக்லோபியூட்ரசால், மூன்று குழி பேக்லோபியூட்ரசாலும் ஜிஏ3-ம், மீதி பதினாறில் பேக்லோபியூட்ரசாலோடு ஆளுக்கொரு சேர்மம். கன்ட்ரோல்கள் எல்லாத் தட்டிலும் இருக்க வேண்டும். ஒரே ஓரமாக வரிசையாக வைக்காமல் கலைத்துப் போடுங்கள், ஏனென்றால் ஓரக் குழிகள் சீக்கிரம் காயும். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ மொத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். பேக்லோபியூட்ரசால் ஸ்டாக்கில் வரும் துளியையும் கணக்கில் சேர்த்து, மற்றதில் அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ விடுங்கள்.

உருகிய அகாரை 50 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, ஒரு மில்லிலிட்டரைக் குழாயில் எடுத்து, சேர்மத்தை விட்டுக் கலக்கி, உடனே குழியில் ஊற்றவும். குழியில் உறைந்த அகாரின் மேல் ஒரு மைக்ரோலிட்டரைச் சொட்டினால் அது அங்கேயே நிற்கும், விதைக்குக் கிடைக்கும் அளவு தெரியாது. ஊற்றும்போது வெண்மையாகப் பால்போல் கலங்கினால் சேர்மம் கரையவில்லை. குறித்துக்கொண்டு, அதைக் குறைந்த அளவில் தனியாகச் செய்யுங்கள்.

குழிக்கு ஐந்து முளைவிட்ட விதை. இரண்டு நாள் மூடி போட்டு வைத்து, பிறகு மூடியை எடுத்துவிட்டு, அடியில் ஈரத் தாள் விரித்த உயரமான கண்ணாடி நிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தட்டை வையுங்கள். நாம் தேடுவது உயரமாக வளரும் நாற்று. தட்டின் மூடி அதன் தலையில் இடித்தால் சோதனையே வீண்.

எந்தக் குழியில் எந்தச் சேர்மம் என்ற பட்டியல் அளப்பவர் கையில் இருக்கக் கூடாது. நண்பர் ஒருவர் எண் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

அளப்பது, எண்ணுவது

ஆறாம் நாள் நாற்றை மெதுவாக உருவி, கறுப்பு அட்டையில் ஸ்கேலோடு கிடத்தி, நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். இமேஜ்ஜே இலவச மென்பொருள், அதில் கோடு இழுத்து அளக்கலாம். அடியிலிருந்து இரண்டாம் இலை உறை முடியும் இடம் வரை அளங்கள். இலை நுனி வரை அளந்தால் வாடலும் சுருளலும் கணக்கைக் கெடுக்கும். வேரின் நீளத்தையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு குழியில் உள்ள ஐந்து நாற்றும் ஐந்து தனிச் சான்றுகள் ஆகாது. அவை ஒரே ஊடகத்தைக் குடித்தவை. குழியின் இடைநிலை மதிப்புதான் ஒரு எண். இதை மறந்து ஐந்தையும் தனித்தனியாக டி-டெஸ்ட்டில் போட்டால் எல்லாமே முக்கியத்துவம் வாய்ந்ததாகத் தெரியும். வைவாவில் முதலில் கேட்கப்படுவதும் இதுதான்.

ஒவ்வொரு சேர்மத்துக்கும் மீட்பு சதவீதம் போடுங்கள்: அதே தட்டின் குள்ளக் கன்ட்ரோலைவிட எவ்வளவு உயர்ந்தது என்பதை, ஜிஏ3 எவ்வளவு உயர்த்தியது என்பதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 30 தாண்டியதை நான் ஹிட் என்று எடுத்து வைப்பேன். இது என் கோடு. உங்கள் கன்ட்ரோலின் சிதறலைப் பார்த்து நீங்கள் வரையலாம், ஆனால் முடிவைப் பார்த்த பிறகு நகர்த்தக் கூடாது. வேறு வேறு நாளில், வேறு குழி இடத்தில், மூன்று முறை திரும்ப வந்தால் மட்டுமே அடுத்த கட்டம்.

ஹிட் கிடைத்த பிறகுதான் ஆய்வு

குள்ள நாற்று உயர்ந்துவிட்டது. ஏன் என்பதற்குக் குறைந்தது நான்கு பதில்கள் உண்டு. சேர்மம் ஜிப்பரெல்லின் போலவே ஏற்பியில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யும் செயற்கை மூலக்கூறாக ஏசி-94377 ஏற்கெனவே அறியப்பட்டது. ஜிப்பரெல்லின் பாதையில் தடைக்குப் பிந்தைய இடைப்பொருளாக உள்ளே நுழைந்திருக்கலாம். பிராசினோஸ்டீராய்டு போன்ற வேறு ஹார்மோன் வழியாக நீட்டியிருக்கலாம். அல்லது பேக்லோபியூட்ரசாலோடு ஒட்டி அதைச் செடிக்குள் போகவிடாமல் செய்திருக்கலாம். இந்தக் கடைசி ஏமாற்று வேலை அடிக்கடி மறக்கப்படுகிறது.

பிரித்துப் பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. ஜிப்பரெல்லின் பாதையை வேறு வேறு இடத்தில் தடுக்கும் மருந்துகள் உண்டு. லிஹோசின் என்று கடையில் தெரியும் குளோர்மெக்வாட் பாதையின் தொடக்கத்தில் தடுக்கிறது, பேக்லோபியூட்ரசால் அதற்கு அடுத்து, புரோஹெக்ஸாடியோன் கால்சியம் கடைசிப் படிகளில். (இவையும் தூய மாதிரியாக வேண்டும்.) மூன்றாலும் தனித்தனியாகக் குள்ளமாக்கி, உங்கள் ஹிட்டைப் போடுங்கள். மூன்றையும் மீட்டால் அது பாதைக்குக் கீழே, ஏற்பியிலோ அதற்கப்பாலோ வேலை செய்கிறது, இல்லை வேறு ஹார்மோன் வழி. முதல் இரண்டை மீட்டு மூன்றாவதில் தோற்றால் நடுவில் நுழையும் இடைப்பொருள் என்று சந்தேகிக்கலாம். பேக்லோபியூட்ரசாலை மட்டுமே மீட்டால் அந்த ஒட்டிக்கொள்ளும் ஏமாற்று வேலையை முதலில் சந்தேகியுங்கள்.

மருந்தே இல்லாத நாற்றிலும் ஹிட்டைப் போட்டுப் பாருங்கள். பிறகு 0.1 முதல் 30 மைக்ரோமோலார் வரை மும்மடங்கு படிகளில் அளவு-விளைவு வளைவு. படிப்படியாக ஏறும் வளைவு நம்பிக்கை தரும். 30-இல் மட்டும் திடீரென்று குதித்தால் கரைதிறனைச் சந்தேகப்படுங்கள்.

ஏற்பி வழிதானா என்று பார்க்க நீளத்தைச் சாராத இரண்டாவது சோதனை ஒன்று தேவை. நெல்லை உமி நீக்கி, கரு உள்ள முனையை வெட்டி எறிந்து, மீதிப் பாதியை ஸ்டார்ச் கலந்த அகாரில் சேர்மத்தோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். கரு இல்லாததால் அதற்குச் சொந்த ஜிப்பரெல்லின் வராது. வெளியிலிருந்து வந்தால்தான் அல்யூரோன் என்ற விதையின் வெளி அடுக்கு, ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் நொதியைச் சுரக்கும். அயோடின் ஊற்றினால் எல்லாம் நீலமாகி, அமைலேஸ் தின்ற இடம் மட்டும் விதையைச் சுற்றித் தெளிந்த வட்டமாகத் தெரியும். (ராகியை முளைகட்டி மாவரைத்தால் கூழ் இனிப்பதும் நீர்த்துப் போவதும் இந்த அமைலேஸால்தான்.) ஜிஏ3-ஐ ஒரு தட்டிலும், ஜிஏ3-ஓடு அப்சிசிக் அமிலத்தை இன்னொன்றிலும் வையுங்கள், பின்னதில் வட்டம் சுருங்க வேண்டும். தண்டை நீட்டிய ஹிட் இங்கே வட்டம் தரவில்லையென்றால், பெரும்பாலும் அது பிராசினோஸ்டீராய்டு பக்கத்துக் கேஸ்.

இரண்டிலும் தேறினால் சேர்மத்தைப் புதிதாகத் தயாரித்தோ வேறு இடத்தில் வாங்கியோ மறுபடி செய்யுங்கள். பழைய பாட்டிலில் இருந்த அசுத்தமே ஹீரோவாக இருந்த சம்பவங்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. அதன்பின் சேர்மத்தின் ஒரு கையை மாற்றிய நாலைந்து நெருங்கிய வடிவங்களை வேதியியல் துறையிடம் கேளுங்கள். எதில் விளைவு போகிறது என்பது மூலக்கூறின் எந்தப் பகுதி முக்கியம் என்று சொல்லும். ஜிஐடி1 புரதத்தோடு நேரடியாக ஒட்டுகிறதா என்று பார்ப்பது பெரிய ஆய்வகத்தின் வேலை, இவ்வளவு ஆதாரத்தோடு போனால் அவர்கள் கதவைத் திறப்பார்கள்.

கழிவை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேக்லோபியூட்ரசால் மண்ணில் நீண்ட நாள் தங்கும். அகாரையும் நாற்றையும் கல்லூரித் தோட்டத்தில் கொட்டாமல், வேதிக்கழிவுப் பெட்டியில் சேர்த்து முறைப்படி அனுப்புங்கள். ஹிட் கிடைத்த உற்சாகத்தில் சித்தப்பா மாந்தோப்பில் தெளித்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பயிர் வளர்ச்சி ஊக்கிகளும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு ஆக வேண்டியவை; பதிவுக்கு நச்சுத்தன்மை, எச்சம், வயல் சோதனை என்று அது தனி வருடக்கணக்கு.